கேப்டன் கிர்க்கின் தாதி

1967ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயத்தில் இரண்டு கனடியர்கள் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவர் மொன்றியலில் பிறந்த வில்லியம் ஷாட்னர். என்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் கிர்க். மற்றவர் ரொறன்ரோவில் பிறந்த ஜோன் கொலிகோஸ். கிளிங்கன் படைத்தளபதி கோர். இருவருமே ஒன்ராறியோவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழா மேடையில் ஷேக்ஸ்பியரை நடித்தவர்கள். கிளிங்கன்கள் முதன்முதலாகத் திரைக்கு வந்தது அந்த அத்தியாயத்தில்தான். அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் அறிந்த அந்த எதிரியின் முதல் முகம் ஒரு ரொறன்ரோக்காரருடையது.

கோர் கத்துவதில்லை. சிரித்துப் பேசுவார், எதிரியின் துணிச்சலைப் பாராட்டுவார், பாராட்டிக்கொண்டே மிரட்டுவார். அதே தொனியில்தான் ஒரு கருவியையும் அறிமுகப்படுத்துகிறார்: மனச்சல்லடை. மனிதனின் மனத்தில் உள்ளதையெல்லாம் அது அரித்தெடுத்துவிடும். விசையைக் கூட்டினால் உடல் மட்டும் மிஞ்சும், உள்ளே ஆள் இருக்கமாட்டார். வணிகராக மாறுவேடமிட்டிருந்த, கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் மீது அதைப் பிரயோகிக்கிறார்கள். வல்கன் இனத்தவரின் மனக்கட்டுப்பாடு அவரைக் காப்பாற்றிவிடுகிறது. போனவர் போனபடியே திரும்பி வருகிறார். அத்தோடு கருவியின் கதை முடிந்தது. கதை வேறு பக்கம் நகர்ந்துவிட்டது.

அந்தக் கருவி வல்கன் அல்லாத ஒருவர்மீது முழு விசையோடு ஏவப்பட்டிருந்தால்? தொலைக்காட்சி கேட்காமல் விட்ட இந்தக் கேள்வியை எடுத்து எழுதியவர் ஷெர்லி மயெவ்ஸ்கி. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். ‘பாட்டி ட்ரெக்’ என்று ரசிகர்களால் அன்போடு அழைக்கப்பட்டவர். புதிய ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்காகவே 1972இல் தொடங்கப்பட்ட தொண்டர் குழுவைப் பல ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்தியவர். அவர் எழுதிய ‘மைண்ட் சிஃப்டர்’ என்ற கதை 1975இல் ‘ஷோகேஸ்’ என்ற ரசிகர் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பான்டம் பதிப்பகம் வெளியிட்ட ‘ஸ்டார் ட்ரெக்: த நியூ வோயேஜஸ்’ தொகுப்பிலும் இடம்பெற்றது.

அந்தத் தொகுப்பே ஒரு புதுமை. தபாலில் கைமாறிக்கொண்டிருந்த ரசிகர் கதைகளை ஒரு பெரிய வணிகப் பதிப்பகம் புத்தகமாக்கியது. தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி அதற்கு முன்னுரை எழுதினார். பெரும்பாலான கதைகளுக்குத் தொடரின் நடிகர்கள் அறிமுகம் எழுதினார்கள். ‘மைண்ட் சிஃப்டர்’ கதைக்கு அறிமுகம் எழுதியவர் ஷாட்னர். தன் பாத்திரம் சிதைக்கப்படும் கதையைத் தானே வாசகரிடம் கைப்பிடித்து ஒப்படைத்தார்.

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் எழுதிய கதைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றுள் ஒன்றைத்தான் தமிழ் வாசகருக்கு, குறிப்பாக ரொறன்ரோவில் வாழும் தமிழ் வாசகருக்கு, பரிந்துரைக்கலாம் என்றால் அது இந்தக் கதையாகத்தான் இருக்கவேண்டும்.

கதைக்கு இரண்டு களங்கள். ஒன்று 1950களின் அமெரிக்காவில் ஒரு மனநல வைத்தியசாலை. அங்கே தான் யார் என்பது பிடிபடாத ஒரு நோயாளி இருக்கிறார். இன்னொன்று 23ஆம் நூற்றாண்டில் என்டர்பிரைஸ் கப்பல். அதன் கேப்டன் காணாமற்போய்விட்டார். ஸ்பாக்கின் கையில் பொறுப்பு. கிர்க்கைக் கடத்திய கோர் மனச்சல்லடையை அவர்மீது ஏவியிருக்கிறார். சிதைந்த மனத்தோடு அவர் காலத்தின் வாசலைக் கடந்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய பூமியில் வந்து விழுந்திருக்கிறார். காலத்தின் வாசல் என்பதும் புதிதல்ல. அதே 1967இல் ஏப்ரல் 6ஆம் திகதி வந்த புகழ்பெற்ற அத்தியாயத்திலிருந்து எடுத்துக்கொண்டதுதான். இரண்டு அத்தியாயங்களின் பொருட்களை வைத்து மயெவ்ஸ்கி மூன்றாவதாக ஒன்றைக் கட்டினார்.

அந்த வைத்தியசாலையில் ஜான் ஹாம்லின் என்ற தாதி வேலை செய்கிறார். கதையின் உயிர் அவர்தான். அவரிடம் ஆயுதம் இல்லை. 23ஆம் நூற்றாண்டின் மருந்தும் இல்லை. எதிரில் இருப்பவர் யார் என்பதும் தெரியாது. நட்சத்திரங்களுக்கிடையே தனக்கொரு கப்பல் இருப்பதாகச் சொல்லும் ஒருவரை 1950களின் எந்த வைத்தியசாலை நம்பியிருக்கும்? நம்ப முடியாததைச் சொல்பவரிடமும் கனிவோடு நடக்க முடியும் என்பதை இந்தத் தாதி காட்டுகிறார். கிர்க்கைப் புகழ் பெற்ற தளபதியாக அல்ல, நொந்துபோன மனிதராகவே அவர் அறிவார். அப்படி அறிந்துதான் பக்கத்தில் இருக்கிறார்.

அந்தக் காலத்து மனநல வைத்தியசாலை என்றால் என்ன என்பதை ரொறன்ரோவாசிகளுக்கு விளக்கவேண்டியதில்லை. குயீன் வீதி மேற்கில் 501ஆம் இலக்க ட்ராம் வண்டியில் போகிறவர்கள் ஒரு பழைய செங்கல் மதிலைக் கடந்துதான் போகிறார்கள். 1850இல் திறக்கப்பட்ட மாகாண மனநோய் விடுதியின் மதில் அது. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர்கள் கூலி எதுவும் பெறாத நோயாளிகளே. ‘999 குயீன்’ என்ற முகவரி பிள்ளைகளைப் பயமுறுத்தும் சொல்லாகவே மாறிப்போனதால் பின்னர் இலக்கத்தையே 1001 என்று மாற்றினார்கள். பழைய கட்டடம் 1970களின் நடுப்பகுதியில் இடிக்கப்பட்டது; மயெவ்ஸ்கியின் கதை அச்சேறிய அதே காலம். இன்று அந்த இடத்தில் காம்எச் மனநல நிலையம் இயங்குகிறது. மதிலின் எஞ்சிய பகுதிகளை நினைவுச் சின்னமாகக் காத்துவருகிறார்கள். அமெரிக்காவில் 1955இல் மாநில மனநல வைத்தியசாலைகளில் ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அத்தனை பேருக்குள் ஒருவராக கேப்டன் கிர்க்கை உட்கார வைத்தது துணிச்சலான கற்பனை. விண்வெளியின் எந்தக் கோளையும் விட அந்நியமான இடம் பூமியிலேயே, சமீபத்திலேயே இருந்தது என்று அந்தக் கதை சொல்கிறது.

தொலைக்காட்சியால் இதைச் செய்ய முடியவில்லை. 1960களின் தொடர்கள் ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்கவேண்டும். எந்த அத்தியாயத்தை எந்த வரிசையில் மறு ஒளிபரப்புச் செய்தாலும் பொருந்தவேண்டும். ஆகவே நாயகனுக்குப் பழைய காயம் இருக்கக்கூடாது. இதன் கொடுமையை அந்த 1967 ஏப்ரலிலேயே பார்க்கலாம். 6ஆம் திகதி கிர்க் தான் நேசித்த பெண் கண்முன் சாவதைத் தடுக்காமல் நிற்கிறார். 13ஆம் திகதி அவருடைய அண்ணன் இறந்துகிடக்கிறார். ஒரே வாரத்துக்குள் இரண்டு சாவுகள். செப்டம்பரில் அடுத்த பருவம் தொடங்கும்போது அவர் எதுவும் நடக்காதவர் போலக் கட்டளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அழுவதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

அந்த நேரத்தை ஒதுக்கியவர்கள் ரசிகைகள். ஸ்டார் ட்ரெக்குக்கென்றே வெளிவந்த முதல் ரசிகர் இதழான ‘ஸ்பாக்கனேலியா’ 1967 செப்டம்பரில் நியூ யோர்க்கில் இரண்டு பெண்களின் முயற்சியால் வந்தது. நமது ஊர்களில் ரோனியோ போட்டு இதழ் நடத்தியவர்களுக்கு அந்த உழைப்பு விளங்கும். தட்டச்சு செய்து, பிரதியெடுத்து, பக்கம் அடுக்கி, முத்திரை ஒட்டித் தபாலில் போடவேண்டும். இலாபம் கிடையாது. அப்படி எழுதியவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். நூலகர்கள், ஆசிரியைகள், இல்லத்தரசிகள், மாணவிகள். அத்தியாயம் முடிந்த இடத்தில் அவர்கள் தொடங்கினார்கள்.

காயப்பட்ட நாயகனையும் அவரைத் தேற்றும் தோழரையும் பற்றிய கதைகளுக்கு ரசிகர் உலகில் ‘காயமும் ஆறுதலும்’ என்று தனி வகையே உண்டு. இந்த வகையை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மிகையுணர்ச்சி என்பார்கள், பெண்களின் பகற்கனவு என்பார்கள். 1973இல் போலா ஸ்மித் என்ற ரசிகை, எல்லாம் தெரிந்த, எல்லோராலும் விரும்பப்படும் இளம்பெண் அதிகாரி ஒருத்தியைக் கேலியாகப் படைத்து ‘மேரி சூ’ என்று பெயர் வைத்தார். ரசிகர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட கூர்மையான விமர்சனம் அது. ஆனால் அந்தப் பெயர் வெளியே போனதும் பெண் எழுதிய எந்தப் பெண் பாத்திரத்தையும் அடிக்கும் கோலாக மாறிவிட்டது. 1992இல் கமில் பேக்கன்-ஸ்மித் என்ற ஆய்வாளர் ரசிகைகளின் எழுத்தைப் பற்றி ‘என்டர்பிரைசிங் விமன்’ என்ற நூலை எழுதினார். வலியைப் பற்றிப் பேச வேறு இடமில்லாதவர்கள் இந்தக் கதைகளில் பேசினார்கள் என்பதை அந்த நூல் பொறுமையாக எடுத்துக்காட்டியது.

‘மைண்ட் சிஃப்டர்’ குறையற்ற கதை அல்ல. தற்செயல்கள் அதிகம். சில பக்கங்களில் உணர்ச்சி கரையை உடைத்துப் பாய்கிறது. கோர் போன்ற நயமான எதிரி இதில் வெறும் கொடியவனாகச் சுருங்கிவிடுகிறார் என்ற குறையும் உண்டு. இருந்தும் மூலத் தொடர் செய்யாத ஒன்றை அது செய்தது. சித்திரவதை செய்யப்பட்ட மனிதர் அடுத்த வாரமே எழுந்து நடக்கமாட்டார் என்ற உண்மையை அது மதித்தது.

கதை வந்த ஆண்டைக் கவனியுங்கள். 1975 டிசம்பர் 9ஆம் திகதிதான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சித்திரவதைக்கு எதிரான பிரகடனத்தை ஏற்றது. சட்டமாகப் பிணிக்கும் உடன்படிக்கை வர 1984 ஆனது. அது நடைமுறைக்கு வந்தது 1987இல். நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என்று மருத்துவம் பெயரிட்டு அமெரிக்க உளமருத்துவர்களின் கைநூலில் சேர்த்தது 1980இல். பெயரே வைக்கப்படாத ஒரு நோயை, அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், இலாப நோக்கமில்லாத ஒரு சிற்றிதழில் ‘பாட்டி ட்ரெக்’ எழுதிவிட்டார்.

தொலைக்காட்சி அங்கே வந்துசேர இன்னும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1990 அக்டோபரில் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் ‘ஃபேமிலி’ என்ற அத்தியாயம் வந்தது. போர்க் என்ற எதிரிகளால் உடலும் மனமும் பறிக்கப்பட்டு மீண்ட கேப்டன் பிக்கார்ட், பிரான்சில் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் உட்கார்ந்து அழுகிறார். விண்வெளிச் சண்டை கிடையாது. ஒரு மனிதர் உடைவதும் இன்னொருவர் பக்கத்தில் இருப்பதும் மட்டுமே. அதை எழுதியவர் ரொனால்ட் டி. மூர். படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கப்போன ரசிகராகத் தான் எழுதிய கதையைக் கொடுத்து உள்ளே நுழைந்தவர் அவர். நாயகனுக்கும் காயம் ஆறக் காலம் வேண்டும் என்ற எண்ணத்தை அந்தத் தொடருக்குள் எழுதியவரும் ரசிகராக இருந்து வந்தவரே. இதைத் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை.

2017இல் ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ தொடங்கியபோது படப்பிடிப்பு ரொறன்ரோவின் துறைமுகப் பகுதியில் உள்ள பைன்வுட் கலையகத்தில் நடந்தது. கொலிகோஸின் ஊருக்கே கிளிங்கன்கள் திரும்பி வந்தார்கள். அந்த முதல் பருவத்தில் ஆஷ் டைலர் என்ற அதிகாரி வருகிறார். கிளிங்கன் சிறைக்கப்பலில் மாதக்கணக்கில் சித்திரவதைப்பட்டவர். இரவில் திடுக்கிட்டு விழிக்கிறார், கை நடுங்குகிறது, பழைய காட்சிகள் கண்முன் வருகின்றன. பாதிக்கப்பட்ட ஆணை இவ்வளவு அக்கறையோடு இந்தத் தொடர்வரிசை முன்னர் காட்டியதில்லை என்று எண்ணவைத்தது. பிறகு கதை ஒரு திருப்பத்தை வைத்தது: அவர் உண்மையில் உருமாற்றப்பட்ட கிளிங்கன் உளவாளி. நடிகர் ஷசாத் லத்தீஃப் அருமையாக நடித்தார். ஆனால் உயிர்தப்பி வந்தவரின் வலி ஒரு புதிரின் விடையாகிப்போனது. கோடிக்கணக்கான டொலர் செலவழித்த தொடர் திருப்பத்தைத் தேர்ந்தெடுத்தது. 1975இன் சிற்றிதழ்க் கதை நோயாளியைத் தேர்ந்தெடுத்தது. இரண்டில் எது பெரிய கலை என்று கேட்டால் பதில் சொல்வதில் தயக்கமில்லை.

இந்தக் கதை ரொறன்ரோத் தமிழருக்கு ஏன் நெருக்கமானது என்பதை இனி விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த நகரில் குடியேறியவர்களில், தடுப்பறைகளிலும் முகாம்களிலும் நடந்ததை எவரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் தமிழில் ‘மனவடு’ நூலை எழுதினார். போருக்குள் வாழும் மக்களின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை அந்த மக்களின் மொழியிலேயே சொன்ன நூல் அது. கோரின் கருவி போன்ற ஒன்று தேவையே இல்லாமல் ஒரு மனிதரை அவரிடமிருந்தே பிரித்துவிட முடியும் என்பதற்கு அந்த மருத்துவரின் அனுபவமே சாட்சி.

ரொறன்ரோவிலும் அதற்கென ஒரு நிலையம் இருக்கிறது. சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கான கனடிய நிலையம் 1977இல் சில வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்து தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. 1983இல் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. உளநலச் சிகிச்சையோடு அங்கே ஆங்கில வகுப்பும் நடக்கிறது. கதவு படாரென்று சாத்தினால் பதறுபவர், பாடத்தின் நடுவே மனம் வேறெங்கோ போய்விடுபவர் இருக்கக்கூடும் என்று தெரிந்து நடத்தப்படும் வகுப்பு. தொண்டர் ஒருவரையும் பாதிக்கப்பட்ட ஒருவரையும் நட்பாக இணைத்துவிடும் திட்டமும் உண்டு. கூடச் சென்று நகரைக் காட்டுவது, ஒரு தேநீர் குடிப்பது, பேசினால் கேட்பது, பேசாவிட்டால் கூட இருப்பது. தாதி ஹாம்லின் அந்தக் கதையில் செய்வதும் இதைத்தான்.

ஸ்காபரோவிலும் மார்க்கமிலும் முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் பராமரிப்பு வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் பலர். மறதி நோயாளியின் கையைப் பிடித்து, அவர் எந்தக் காலத்தில் இருக்கிறாரோ அந்தக் காலத்துக்கே போய்ப் பேசுபவர்கள். விஞ்ஞானக் கதைகளில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. பொறியியலாளருக்கும் தளபதிக்கும் கிடைக்கும் இடம் பராமரிப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஒரு விண்வெளிக் கதையின் நடுவில் பராமரிப்பவரை நிறுத்தியதற்காகவே மயெவ்ஸ்கியைக் கொண்டாடலாம்.

அடுத்தவர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதுவது இலக்கியமாகுமா என்று கேட்பவர்களுக்குத் தமிழிலேயே பதில் இருக்கிறது. புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய ‘சாபவிமோசனம்’, கதை முடிந்த பிறகு என்ன ஆனது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. இராமனின் பாதம் பட்டு அகலிகை கல்லிலிருந்து பெண்ணானாள். புராணம் அங்கே முடிந்துவிட்டது. பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? ஊர் அவளை எப்படிப் பார்த்தது? சாபம் போனதும் காயம் போய்விட்டதா? புதுமைப்பித்தனின் அகலிகைக்குக் காயம் போகவில்லை. சீதை தீக்குளித்த செய்தி கேட்டு மீண்டும் கல்லாகிறாள். வால்மீகியும் கம்பனும் முடித்த இடத்தில் தொடங்கிய அந்தக் கதையை எவரும் இரவல் சரக்கு என்று சொல்வதில்லை. வெகுசன எழுத்திலும் இந்த வழி உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த பிறகும் வாசகர் மனத்தில் வந்தியத்தேவன் குதிரையை விட்டு இறங்கவில்லை. அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். மூலத்தை நேசிப்பவர்தான் அது விட்டுவைத்த இடைவெளியைக் காண்பார்.

வேறுபாடு ஒன்று உண்டு. அகலிகை எவருக்கும் சொந்தமில்லை. கிர்க் ஒரு நிறுவனத்தின் சொத்து. ‘மைண்ட் சிஃப்டர்’ கதையை நியூ யோர்க் மாநிலத்தின் டிகொண்டரோகாவில் பழைய என்டர்பிரைஸ் அரங்குகளை அச்சொட்டாகக் கட்டிவைத்திருந்த ரசிகர் குழு முழுநீள அத்தியாயமாகவே படமாக்கி 2014இல் வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பெரும் பணம் திரட்டிய வேறொரு ரசிகர் படத்தின்மீது வழக்குத் தொடுத்திருந்த உரிமையாளர் நிறுவனங்கள், ரசிகர் படங்களுக்கு விதிகள் வெளியிட்டன. ஒரு படம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பகுதியாக எடுத்தாலும் மொத்தம் முப்பது நிமிடந்தான். இந்த விதிகளின்படி பார்த்தால் இன்று அந்தப் படத்தை அந்த நீளத்தில் எடுக்க முடியாது. பணம் பண்ணுகிறவர்களைத் தடுப்பது நியாயம். நேசத்துக்கு நிமிடக் கணக்கு வைப்பது நியாயமில்லை.

இங்கே கனடா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட கனடியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 29.21ஆம் பிரிவு, ஏற்கனவே வெளியான படைப்பைக் கொண்டு ஒரு தனிநபர் வணிக நோக்கமின்றிப் புதியதொன்றைப் படைப்பதை அனுமதிக்கிறது. இயன்றவரை மூலத்தைக் குறிப்பிடவேண்டும். மூலப் படைப்பின் சந்தைக்குக் கணிசமான கேடு வரக்கூடாது. இப்படிச் சில நிபந்தனைகள் உண்டு. இவ்வளவு வெளிப்படையாக ரசிகர் படைப்புக்கு இடங்கொடுத்த சட்டங்கள் உலகில் அரிது. ரசிகர் கதைகள் குவிந்து கிடக்கும் வாட்பேட் நிறுவனம் 2006இல் தோன்றி வளர்ந்ததும் ரொறன்ரோவில்தான். தமிழில் எழுதுவோரும் அங்கே இருக்கிறார்கள்.

விஞ்ஞானக் கதை ரசிகர் உலகில் இந்த நகரத்துக்குள்ள உரிமை அதைவிடப் பழையது. அந்த ரசிகர்களின் உலக மாநாடு ரொறன்ரோவில் 1948, 1973, 2003 என மூன்று முறை கூடியிருக்கிறது. முதல் இரண்டுக்கும் சிறப்பு விருந்தினராக வந்த ரொபர்ட் ப்ளாக் ஸ்டார் ட்ரெக்குக்குக் கதை எழுதியவர். ‘டாக்டர் ஹூ’ தொடரை 1963இல் பிபிசியில் தொடங்கிவைத்த சிட்னி நியூமன் ரொறன்ரோவில் பிறந்தவர். அந்தத் தொடரை 1970களின் இறுதியில் டிவிஒன்ராறியோ ஒளிபரப்பியபோது, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பின் திரையில் தோன்றி அதிலுள்ள அறிவியலையும் அரசியலையும் பேசியவர் ஜூடித் மெரில். நியூ யோர்க்கின் இளம் ரசிகர் வட்டத்தில் வளர்ந்து எழுத்தாளரானவர். வியட்நாம் போர்க்கால அமெரிக்காவில் இருக்கப் பிடிக்காமல் 1968இல் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தவர். 1970இல் தன்னிடமிருந்த சுமார் ஐயாயிரம் நூல்களையும் இதழ்களையும் ரொறன்ரோ பொது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கொடை இன்று எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் கொண்ட மெரில் சேகரமாக வளர்ந்திருக்கிறது. ரசிகர் இதழ்களுக்கும் அதில் இடமுண்டு. மெரிலும் நியூமனும் 1997இல் இதே நகரில் காலமானார்கள்.

ஒரு பொது நூலகம் ரசிகர் இதழைக் குப்பையென்று ஒதுக்காமல் ஆவணமாகப் பேணுவது பெரிய மரியாதை. தமிழ் இதழ்களை இழந்தே பழகிய சமூகத்துக்கு அதன் அருமை தெரியும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, ‘த நியூ வோயேஜஸ்’ பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ‘மைண்ட் சிஃப்டர்’ கதையை ஒரே இருப்பில் வாசியுங்கள். முடிவு இங்கே சொல்லப்படாதது உங்களுக்காகவே. இரண்டாவது, ரொறன்ரோவின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு. ‘ஸ்டார் ட்ரெக்’ ஆகட்டும், ‘டாக்டர் ஹூ’ ஆகட்டும், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ ஆகட்டும், உங்கள் மனத்தில் நின்ற பாத்திரத்துக்கு அத்தியாயம் முடிந்த பிறகு என்ன ஆனது என்று தமிழில் எழுதுங்கள். அம்மம்மாவிடம் கேட்டதை அதற்குள் வையுங்கள். எழுதுவதற்கு முன் கொலேஜ் வீதி 239ஆம் இலக்கத்தில் உள்ள லிலியன் எச். ஸ்மித் நூலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். மெரில் சேகரம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. யாரும் போய் உட்கார்ந்து வாசிக்கலாம், கட்டணம் இல்லை.